கருப்பா சிஸ்டர்

சிஸ்டர் என்னிடம் முதன்முதலில் கேட்ட கேள்வியை இப்போதும் நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும். அவர் அதை நாலு பேர் முன்னால்தான் கேட்டார்.

திருத்தணியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மாடியில் பத்துப் படுக்கை, கீழே மருந்துக்கடை. படிப்பை முடித்துவிட்டு அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்ததில் நெஞ்சுக்குழிக்குக் கீழே தீ வைத்தாற்போல் எரிந்தது. அலமாரியிலிருந்து ரோஸ் கலர் வயிற்று மருந்தை எடுத்து பாட்டிலோடு வாயில் சாய்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சு வாங்க மாடியிலிருந்து இறங்கி வந்தவர், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம். பக்கத்தில் மருந்துச் சீட்டோடு ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அதில் இரண்டு பேர் கல்லூரிப் பெண்கள்.

"வெளிக்கி இன்னா கலர்ல போற தம்பி?"

காதில் விழாததுபோல் பாட்டிலை மூடினேன். அவர் விடவில்லை.

"கருப்பா போவுதா? தார் மாதிரி ஒட்டிகினு?"

இல்லை என்று தலையாட்டினேன். பசித்தால் வலிக்கிறதா, சாப்பிட்டால் வலிக்கிறதா என்று கேட்டார். பசித்தால் என்றேன். ஏதாவது சாப்பிட்டால் அடங்குகிறதா என்றார். அடங்குகிறது என்றேன். விடியற்காலையில் வலி எழுப்பிவிடுகிறதா என்றார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆங் என்று சொல்வதற்குள் கல்லூரிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிஸ்டர் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம், தினமும் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் "டெஸ்டுக்கு எப்போ போற?" என்று ஒரே கேள்வி. தொல்லை தாங்காமல் திருவள்ளூருக்குப் போய் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டேன். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். வயிற்றில் கிருமி இருக்கிறது என்றார்கள். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டதும் விடியற்கால வலி நின்றது. சிஸ்டரிடம் வந்து சொன்னபோது, மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டேனா, பாதியில் நிறுத்திவிட்டேனா என்று கேட்டார். சந்தோஷப்பட்டதாக முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஊரில் அவருக்குக் கருப்பா சிஸ்டர் என்று பெயர். ஷேர் ஆட்டோவில், ரேஷன் கடை வரிசையில், கல்யாணப் பந்தியில், யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதும், "கருப்பா போச்சா?" என்று ஆரம்பித்துவிடுவார். பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து போன கதையெல்லாம் உண்டு. நோயாளி சொல்லும் முதல் பதிலை அவர் நம்பவே மாட்டார். இல்லை என்று சொன்னவரிடம், "பாத்தியா, பாக்காமயே சொல்றியா?" என்று அடுத்த கேள்வி வரும். ஆம் என்று சொன்னவரிடம் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்பார். அந்த மாத்திரைக்கும் கருப்பாகத்தான் போகும், ஆனால் ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது என்பார். இதையும் உரக்கத்தான் சொல்வார்.

ஏன் இப்படி மானத்தை வாங்குகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அம்மையார்குப்பத்தில் நெசவுக் குடும்பம் அவருடையது. வீட்டில் தெலுங்கு. அக்கா புருஷன் விசைத்தறி ஓட்டியவர். இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே பத்து நாள் தறியில் நின்றிருக்கிறார். பத்து நாளும் கருப்பாகப் போயிருக்கிறது, அது வயிற்றுப் புண்ணிலிருந்து கசிந்த ரத்தம். மூலம் என்று நினைத்துக்கொண்டு பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. நர்ஸ் படித்த மச்சினி அதே வீட்டில்தான் இருந்திருக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

"எங்க பாவா வெக்கப்பட்டே செத்தாரு. வேற ஒண்ணும் இல்ல" என்றார் சிஸ்டர். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர்த்ததில்லை.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள். நாள் முழுக்க நின்று நின்று முழங்காலும் இடுப்பும் போயிருக்கும். சீட்டு எதுவும் இருக்காது. "வலி மாத்திரை ரெண்டு அட்டை" என்பார்கள், கொடுப்போம். கூடவே எரிச்சலுக்கு ரோஸ் மருந்து ஒன்று கேட்பார்கள், அதையும் கொடுப்போம். சிஸ்டர் இறங்கி வரும் நேரத்தில் இது நடந்தால் தொலைந்தது. அட்டையைக் கவுண்டரிலிருந்து எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, வாங்க வந்தவரை அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்து, கண் இமையைக் கீழே இழுத்து உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். "ஒரு கையில புண்ணுக்கு விதை போடற, இன்னொரு கையில எரிச்சலுக்கு மருந்து குடுக்கற, நல்லா இருக்குது தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். நான் வழக்கம்போலச் சிரித்து மழுப்புவேன். அவர் மேலே போனதும் வாடிக்கையாளருக்கு வேறு அட்டை எடுத்துக் கொடுப்பேன்.

அவருக்குத் தப்பும் நடந்திருக்கிறது. ஒருமுறை தபால் கொண்டுவருகிறவரை, கருப்பாகப் போகிறது என்று அவர் வாய் தவறிச் சொன்னதை வைத்து, வேலை நேரத்தில் ஆட்டோவில் ஏற்றிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். அங்கே பார்த்தால் ஒன்றும் இல்லை. மனுஷர் முந்தின நாள் கூடை கூடையாக நாவல்பழம் தின்றிருக்கிறார். ஊர் அதை வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தது. தினமும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பூக்காரம்மாவைப் படுக்க வைத்து, இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, பழைய புண்ணின் தழும்பு வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்ததும் இதே சிஸ்டர்தான். நேற்றுத் தின்ற சோறு இன்றைக்கு வாந்தியில் வருகிறது என்று அந்தம்மா சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பாதிக் குடம் தண்ணீர் தளும்புவதுபோல் சத்தம் கேட்டதாம். அந்தப் பூக்காரம்மா இன்றைக்கும் மலையடிவாரத்தில் பூ கட்டுகிறார். ஆனால் ஊருக்கு ஞாபகம் இருந்தது நாவல்பழம்தான்.

ஆடிக் கிருத்திகையன்று முதலுதவிக் கூடாரத்தில் உட்கார ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டரை அனுப்புவார்கள். உப்பு சர்க்கரைப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு வருஷம் நானும் போனேன். காலை எட்டு மணிக்கே மலைப்படியில் நிற்க இடமில்லை. பாதிப் படியில் ஒருவர் விழுந்துவிட்டார் என்று ஆள் ஓடி வந்தது. போய்ப் பார்த்தால், நாற்பது வயதிருக்கும், மஞ்சள் வேட்டி, பக்கத்தில் இறக்கி வைத்த காவடி. முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தார். அருள் வந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார். மூன்று நாள் விரதம், மயக்கம்தான் என்று இன்னொருவர். ஒரு தம்ளர் எலுமிச்சை ஜூஸ் அவர் வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

சிஸ்டர் அதைத் தட்டிவிட்டார். ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்றார். அந்த ஆளின் அம்மா கத்தினார். சிஸ்டர் அவரைத் திரும்பிப் பார்க்காமல் வேட்டியைத் தளர்த்தி வயிற்றில் கை வைத்தார். என் கையையும் இழுத்து வைத்தார். கதவுப் பலகையைத் தொட்டதுபோல் இருந்தது. அந்த ஆள் மூச்சுகூட மேலோடுதான் விட்டுக்கொண்டிருந்தார். தோள்பட்டையில் வலிக்கிறது என்று முனகினார்.

"கிட்னி கல்லு வலின்னா உருண்டுகினு இருப்பான் தம்பி. இவன் அசையவே பயப்படறான் பாரு. வயித்துப் புண்ணு ஓட்டை விழுந்துடுச்சி."

மேலே இன்னும் பாதிப் படி இருந்தது. பிரார்த்தனையை முடிக்காமல் இறக்கக் கூடாது, சந்நிதியில் திருநீறு வைத்தால் சரியாகிவிடும் என்று அந்தம்மா படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். சிஸ்டருக்கு இதமாகப் பேச வராது. "மேல தூக்கினு போனா பொணத்தைத்தான் எறக்குவீங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் நல்ல நாளில் என்ன வாய் இது என்று திட்டினார்கள். கடைசியில் நான்கு பேர் அவரை வேட்டியிலேயே தொட்டில்போல் கட்டி இறக்கினோம். அன்று மதியமே ஆபரேஷன் நடந்து பிழைத்துக்கொண்டார். அடுத்த ஆடியில் அதே குடும்பம் காவடியோடு வந்தது. கூடாரத்தைத் தாண்டும்போது அந்தம்மா சிஸ்டரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதியில் நின்றுபோன பிரார்த்தனைக்கு யார் காரணம் என்பது அவருக்கு மறக்கவில்லை. சிஸ்டர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்த ஆள் பீடி பிடித்துக்கொண்டு போனதைத்தான் கவனித்தார். கூடாரத்தைவிட்டு வெளியே வந்து அவரைத் துரத்திக்கொண்டு போனார்.

இப்படி ஒருவர் ஓரிடத்தில் நிலைக்க முடியாது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் டாக்டர் மதியத்துக்குள் அறுபது பேரைப் பார்ப்பார். கெட்டவர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. கடை இருந்த கட்டடமும் அவருடையதுதான். சிஸ்டர் சீட்டோடு திரும்பிப் போய், இவருக்கு இந்த ஊசி வேண்டாம் சார் என்று நிற்பது அவருக்குப் பிடிக்காது. நோயாளிகள் எதிரில் நிற்பதுதான் இன்னும் பிடிக்காது.

ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம், வேர்க்கடலை போடுகிற விவசாயி. மூன்று நாளாக முட்டி வலி, உடம்பெல்லாம் அசதி. டாக்டர் வலி ஊசி எழுதி அனுப்பினார். குளுக்கோஸ் பெட்டியைக் கொண்டுபோய் வைக்க நான் ஊசி போடும் அறைக்குப் போனேன். சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றி வைத்துவிட்டு, போடாமல், பெரியவரின் நாடியைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண் இமையை இழுத்துப் பார்த்தார். எழுந்து நில்லுங்க நைனா என்றார். எழுந்தவர் தள்ளாடி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

"கருப்பா போச்சா நைனா?"

பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். மூணு நாளா அப்படித்தாம்மா, சூடுன்னு நெனச்சேன் என்றார். முட்டி வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்தார். கவரில் எங்கள் கடை முத்திரை. உள்ளே பாதி தீர்ந்த இரண்டு அட்டை. சிஸ்டர் கவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் வந்து, ஏன் இன்னும் போடவில்லை என்றார். சிஸ்டர் சொன்னார்: மலம் தாராகப் போகிறது, நாடி வேகமாக ஓடுகிறது, உள்ளே ரத்தம் கசிகிறது, இந்த ஊசி கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பணும். டாக்டர் பெரியவர் வயிற்றில் ஒரு விரலால் அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லீங்க, முட்டிதான் என்றார் பெரியவர்.

"பாத்தீங்களா" என்றார் டாக்டர்.

"வலி இல்லாமயே ரத்தம் போவும் சார். வயசானவங்களுக்கு, இந்த மாத்திரை துன்றவங்களுக்கு வலியே தெரியாது."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க. நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். டாக்டர் தானே எடுத்துப் போட்டார். பெரியவர் பாவம், சீக்கிரம் போடுங்க சார், பஸ் போயிடும் என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

சிஸ்டர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவியிடம் போய், வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள், நேராகத் திருவள்ளூர் போங்கள் என்றார். அறையிலிருந்து டாக்டர், சும்மா பயமுறுத்தாதீங்க, ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும் என்று குரல் கொடுத்தார். அந்தம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் சொன்னதைத்தான் கேட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

மறுநாள் காலையில் பெரியவர் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். திருவள்ளூர் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

அன்று மதியம் மகன்களும் சொந்தக்காரர்களுமாக முப்பது பேர் வந்து மாடிப்படியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டார்கள். டாக்டர் வெளியே வந்தார். முகத்தில் வியர்வை. நான் வேறு ஊசிதான் சொன்னேன், சிஸ்டர் மாற்றிப் போட்டிருக்கிறார், விசாரிக்கிறேன் என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னார். யாரோ ஒரு பெண் சிஸ்டரின் தலைமுடியைப் பிடித்தார். கோட்டு கிழிந்தது. சிஸ்டர் அழவில்லை, கத்தவில்லை. கூட்டத்துக்கு நடுவிலிருந்து கண்ணாலேயே என்னைத் தேடிப் பிடித்தார்.

"நான் போடல. இந்தத் தம்பி அங்கதான் நின்னுகினு இருந்தாரு. கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மூத்த மகன் என் எதிரில் வந்து, சொல்லுங்க என்றார். டாக்டரும் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் மிரட்டல்கூட இல்லை. நான் என்ன சொல்வேன் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

"நான் பெட்டியை வச்சிட்டு உடனே எறங்கிட்டேங்க. ஒண்ணும் பாக்கல."

அதைச் சொல்ல மூன்று விநாடி ஆகியிருக்கும். அதற்குப் பிறகு அங்கே நடந்தது எதுவும் எனக்குத் தெளிவாக ஞாபகமில்லை.

சாயங்காலம் சிஸ்டர் தன் சாப்பாட்டு டப்பாவையும் மாற்றுப் புடவையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். கடையில் வேறு யாரும் இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஊசியால மட்டும் சாவல அந்தாளு. ரத்தம் போறவனை வீட்டுக்கு அனுப்பினதால செத்தாரு. அடுத்து இந்த மாதிரி யாராவது வந்தா நீயாவது சொல்லு. நான் இருக்க மாட்டேன்."

தனக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சொன்ன பொய்யைப் பற்றியும் இல்லை. திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் அதை நான் எப்படியாவது செரித்திருப்பேன்.

கருப்பா சிஸ்டர் ஊசி போட்டு ஆளைக் கொன்றுவிட்டாள் என்று ஊர் பேசியது. யாருடைய வயிற்றையெல்லாம் அவர் பிடித்துப் பார்த்தாரோ அவர்களும் பேசினார்கள். அப்பவே தெரியும், அந்தம்மாவுக்குக் கொஞ்சம் மண்டை சரியில்லை என்றார் தபால்காரர். சோளிங்கர் வரை எந்த ஆஸ்பத்திரியும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. நகரியில் தங்கை வீட்டுக்குப் போய், தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். டாக்டர் கட்டடத்துக்கு இன்னொரு மாடி எழுப்பினார்.

இரண்டு வருஷம் அதே கடையில் இருந்தேன். பிறகு கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு மருந்துக்கடை வைத்தேன். சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கொடுப்பதில்லை. வயிற்று மருந்து கேட்கிறவர்களிடம் சிஸ்டரின் கேள்வியை நானும் கேட்கிறேன். மெதுவாக, பக்கத்தில் ஆள் இல்லாதபோது. அவருக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை.

போன மாசி மாதம் ஒரு முற்பகல் வயதான அம்மா ஒருவர் மருமகளோடு வந்தார். முட்டி வலி என்றார். மாத்திரை கேட்கும் முன்னால், பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த ஒரு நோட்டுத் தாளை எடுத்துக் கவுண்டரில் வைத்து, இதில் எழுதியிருக்கிற எதுவும் வேண்டாம், வேற இருந்தால் கொடு என்றார். ஆறு மாத்திரைகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரில் பெருக்கல் குறி. அடியில், கருப்பாகப் போனால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தில் பஞ்சு கேட்டு எத்தனை சீட்டு சிஸ்டரிடமிருந்து நான் வாங்கியிருக்கிறேன்.

இது யார் எழுதினது என்று கேட்டேன். அந்தம்மா சொல்ல ஆரம்பித்ததும், ஊசி போட்ட மறுநாள் செத்துப்போன பெரியவரின் மனைவி அவர் என்று புரிந்துவிட்டது.

புருஷன் செத்துக் காரியம் முடிந்த பிறகு அந்த நர்சம்மா ஊருக்கு வந்ததாம். பெரிய மகன் வாசலிலேயே நிறுத்திக் கண்டபடி பேசியிருக்கிறான். அவன் பேசி முடித்ததும், உங்களுக்கும் முட்டி வலியா, அவர் சாப்பிட்ட மாத்திரையை நீங்களும் சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டதாம். ஆங் என்று சொன்னதும் கண்ணை இழுத்துப் பார்த்து, மருமகளைக் கூப்பிட்டு, நாளைக்கே குழாய் விட்டுப் பாருங்கள் என்று சொல்லி, வீட்டிலிருந்த அட்டைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு இந்தத் தாளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. போய்ப் பார்த்ததில் இரண்டு புண், ஒன்று கசிந்துகொண்டிருந்தது.

"ஊசியை மாத்திப் போட்டுட்டு பயந்துதான் அன்னிக்கே திருவள்ளூர் போன்னு சொல்லிச்சி. செஞ்ச பாவம் உறுத்தியிருக்கும், அதான் தேடினு வந்துச்சி" என்றார் அந்தம்மா. "அவரைக் கொன்னுட்டு என்னைக் காப்பாத்திச்சி."

கொலைகாரி எழுதினதாச்சே, நம்பலாமா என்று எப்போதும் ஒரு சந்தேகம், எந்தக் கடைக்குப் போனாலும் ஒருதடவை கேட்டுக்கொள்வோம் என்று மருமகள் சேர்த்துக்கொண்டார்.

அந்த வார்த்தை இல்லாவிட்டால் நான் அன்றைக்கும் பேசாமல் இருந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. சொன்னேன். ஊசியைப் போட்டது யார், போடமாட்டேன் என்று தட்டில் வைத்தது யார், திருவள்ளூர் போகச் சொன்னது எதனால், எல்லாம் சொன்னேன். மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தம்மா என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் கதவண்ட நின்னுகினு இருந்தேம்மா."

எங்க பெரியவன் ஒருத்தரைக் கேட்டானாமே, பாக்கலன்னு சொன்னாராமே, அது நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தம்மா தாளை மடித்துக் கவரில் போட்டு இடுப்பில் செருகினார். அந்த நர்சம்மா நம்பர் இருக்கிறதா என்றார். இருந்தது. அத்தனை வருஷமும் என் போனில் இருந்தது, ஒருதடவைகூட நான் கூப்பிட்டதில்லை. மருமகள் தன் போனில் போட்டு, மாமியாருக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரை வைத்தார்.

பின்னால் தறிச் சத்தம் கேட்டது. யாருங்க என்றார் சிஸ்டர். குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அந்தம்மா ஊரையும் புருஷன் பெயரையும் சொன்னார். முட்டி எப்பிடி இருக்குது என்று சிஸ்டர் கேட்டார். அந்தம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மெடிக்கல் ஷாப்பு தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டாருமா. நீ போடலன்னு சொல்லிட்டாரு."

"இப்பவா சொன்னான்?" என்றார் சிஸ்டர்.

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் இப்போதுதான் வந்ததா என்று கேட்பதுபோல் கேட்டார். அந்தம்மா மருமகள் கையிலிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி, காதோடு அழுத்திக்கொண்டு கடையைவிட்டு இறங்கிப் புளியமரத்தடிக்குப் போனார். அங்கே நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை சிரித்ததுகூடக் காதில் விழுந்தது. நான் கவுண்டரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லி சிஸ்டர் கேட்கவில்லை. பேசி முடித்ததும் அந்தம்மா மருமகளோடு ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைக்குள் போனார்.